ஃபேனிங் பவுடர்: சீட்டுக்கட்டுக்குப் பூசும் வெள்ளைப் பொடியை நான்கு மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

மேடையில் ஒருவர் சீட்டுக்கட்டை ஒரே கையசைவில் வட்டமாக விரித்துக் காட்டும்போது, 52 சீட்டுகளின் மூலைகளும் சம இடைவெளியில் தெரிய வேண்டும். எங்காவது நான்கைந்து சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாக நின்றுவிட்டால், சீப்பில் பல் உடைந்ததுபோல விசிறியின் நடுவே ஓர் ஓட்டை விழுந்துவிடும். பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும். எட்டு ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகச் சீட்டு மேஜிக் பழகிவரும் எனக்கு அந்த உடைந்த பல் புதிதன்று. எளிதில் வியர்க்கும் உள்ளங்கை ஒரு பக்கம், சென்னையின் காற்றில் ஆண்டு முழுவதும் தங்கியிருக்கும் ஈரப்பதம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் காகிதத்தால் ஆன சீட்டு படும் பாட்டைச் சொல்லி மாளாது.

இதற்கு மருந்தாக மேஜிக் கலைஞர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் பொருள்தான் ஃபேனிங் பவுடர். நான் வாங்கியவை இரண்டு குப்பிகள். முதலாவதை இணையத்தில் மேஜிக் சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். பகட்டான லேபிளில் கடையின் முத்திரை இருந்ததே தவிர, உள்ளே இருப்பது என்ன என்று ஒரு வரியும் இல்லை. கேட்டு எழுதியபோது, அது தொழில் ரகசியம் என்று பதில் வந்தது. வித்தையின் ரகசியத்தைக் காப்பது கலைஞரின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை; ஆனால் மூக்கருகே பறக்கக்கூடிய ஒரு பொடியின் பெயரை மறைப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்தக் குப்பியைத் திறக்காமலே ஒதுக்கிவிட்டு, துத்தநாக ஸ்டியரேட் என்று வெளிப்படையாக அச்சிட்டிருந்த 50 கிராம் குப்பி ஒன்றை வேறிடத்தில் வாங்கினேன். இந்த மதிப்புரை அந்த இரண்டாவது குப்பியைப் பற்றியது.

துத்தநாக ஸ்டியரேட் ஏதோ மேஜிக்காரர்களுக்கென்றே தயாரிக்கப்படும் அரிய பொருள் அன்று. ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் துத்தநாகத்தோடு சேர்வதால் உருவாகும், வெண்மையான, விரலில் எடுத்தால் பட்டுப்போல வழுக்கும், நீரில் கரையாத பொடி அது. அதே அமிலம் சோடியத்தோடு சேர்ந்தால் நாம் குளிக்கும் சோப்பில் இடம்பெறுகிறது. கால்சியத்தோடு சேர்ந்தால், கடினநீர் வரும் வீடுகளில் சோப்புப் போட்டுக் குளித்தபின் வாளியின் விளிம்பில் படியும் வெள்ளை ஏடாகிறது. அந்த ஏட்டின் நெருங்கிய உறவினர்தான் நம் குப்பியில் இருப்பவர். ரப்பர்த் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கவும், பிளாஸ்டிக் வார்ப்புகள் அச்சிலிருந்து எளிதில் கழன்று வரவும், சிலவகை உப்புத்தாள்கள் மரத்தூளால் அடைபடாமலிருக்கவும் தொழிற்சாலைகளில் இதையே பயன்படுத்துகிறார்கள். ஒட்டக்கூடிய இரண்டு பரப்புகளுக்கு நடுவே புகுந்து அவற்றை ஒட்டவிடாமல் வைத்திருப்பதே எல்லா இடங்களிலும் இதன் வேலை. தண்ணீரை அண்டவிடாத கொழுப்புத் தன்மை இதற்கு இருப்பதால், ஈரக்காற்றில் களியாகிப் போவதும் இல்லை.

சீட்டுக்கும் சோப்புக்கும் உள்ள உறவு வெகு பழையது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் சீட்டுப் பட்டறைகளில், வண்ணம் பூசி முடித்த அட்டையின்மேல் உலர்ந்த சோப்பைத் தேய்த்து, அதன்பின் வழவழப்பான கல்லால் அழுத்தி மெருகேற்றுவது தனியொரு வேலையாகவே நடந்துவந்தது. சோப்பு இருந்தால்தான் கல் சிக்காமல் வழுக்கிச் செல்லும். சீட்டும் ஆடுபவர் கையில் வழுக்கும். இன்று நாம் பஞ்சும் பொடியுமாக உட்கார்ந்து செய்வது, அந்தப் பட்டறை வேலையின் மிச்சமே.

சரி, சீட்டு ஏன் ஒட்டுகிறது? இன்றைய நல்ல சீட்டு, இரண்டு தாள்களை நடுவில் கருநிறப் பசை வைத்து ஒட்டிச் செய்யப்படுவது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்துப் படம் தெரியாமலிருக்கவே அந்தக் கருமை. தாளின்மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. 1885இல் சின்சினாட்டியில் தொடங்கி, இன்றளவும் மேஜிக் பழகுவோர் பெரும்பாலோர் கையில் இருக்கும் பைசைக்கிள் சீட்டை எடுத்துச் சாய்த்துப் பார்த்தால், துணி நெசவைப் போன்ற நுண்குழிகள் பரப்பெங்கும் இருப்பது தெரியும். ஏர் குஷன் என்று அதற்குப் பெயர். அந்தக் குழிகளில் தங்கும் காற்று, இரண்டு சீட்டுகளின் பரப்பும் முழுமையாகத் தொட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. புதுக் கட்டை உறையிலிருந்து உருவியவுடன் அது கையில் தண்ணீராக ஓடுவதற்கு இதுவே காரணம். இரண்டு மூன்று வாரம் புழங்கியபின், விரல்களின் எண்ணெயும் வியர்வையும் தூசியும் சேர்ந்து குழிகளை மெல்ல மெல்ல அடைத்துவிடுகின்றன. காகிதம் ஈரத்தை உறிஞ்சி லேசாக வளையவும் தொடங்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விசிறி கெடுவதற்குக் காரணம் உராய்வு கூடுவது மட்டும் அன்று; உராய்வு சீட்டுக்குச் சீட்டு வேறுபடுவதே பெரிய காரணம். கட்டைவிரலால் மேல் சீட்டை இழுத்து வட்டமாக விரிக்கும்போது, ஒவ்வொரு சீட்டும் தனக்கு அடுத்த சீட்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டு நழுவ வேண்டும். எல்லா இணைகளுக்கும் நடுவில் பிடிப்பு ஒரே அளவாக இருந்தால், அது சற்றுக் கூடுதலாக இருந்தாலும்கூட, இழுக்கும் வேகத்தை மாற்றிக் கை சமாளித்துக்கொள்ளும். அடிக்கடி விரல்படும் மேல் சீட்டுகள் பிசுபிசுப்பாகவும் நடுச் சீட்டுகள் வழவழப்பாகவும் இருக்கும் கட்டில்தான் கை திணறுகிறது. பொடியின் பயன் வழுக்கலைக் கூட்டுவதைவிட எல்லாச் சீட்டுகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவதில்தான் இருக்கிறது என்று எனக்குப் புரிவதற்கு ஒரு கட்டைப் பாழாக்க வேண்டியிருந்தது.

அந்தக் கதை இதுதான். பொடியையும் கட்டையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் குலுக்கினால் போதும் என்று பலரும் சொல்லக் கேட்டிருந்தேன். நானும் இரண்டு தேக்கரண்டிப் பொடியைப் பையில் கொட்டி, சீட்டுகளைப் போட்டு, வாயை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினேன். பையைத் திறந்தபோது அறையில் வெண்புகை எழுந்தது. சீட்டுகள் மாவில் புரட்டிய வாழைக்காய் பஜ்ஜிபோல வெளியே வந்தன. துடைத்தும் விளிம்புகளில் இருந்த வெள்ளை போகவில்லை. கருநிற இஸ்பேட்டும் கிளாவரும் சாம்பல் பூத்துக் கிடந்தன. கட்டை இடது கையில் வைத்துச் சமன்செய்ய முயன்றபோது, விலாங்குமீன்போல நழுவிப் பாதிச் சீட்டுகள் தரையில் விழுந்தன. விசிறி விரித்தபோது எல்லாச் சீட்டுகளும் ஒரே நேரத்தில் ஓடி வட்டத்தின் ஒரு கோடியில் குவிந்தன. முன்பு ஓட்டைப் பல் என்றால், இப்போது பல்லே இல்லை.

இரண்டாவது முறை பொறுமையாகச் செய்தேன். முதலில் பொடியின் பக்கமே போகாமல், உலர்ந்த பழைய பனியன் துணியால் ஒவ்வொரு சீட்டையும் இருபுறமும் துடைத்தேன். துணியில் பழுப்பு நிறத்தில் படிந்த அழுக்கைப் பார்த்தபோது, பொடி வாங்காமல் இந்தத் துடைப்பை மட்டும் செய்திருந்தாலே பாதிக் குறை தீர்ந்திருக்கும் என்று தோன்றியது. அழுக்கின் மேலே பொடியைப் பூசினால் இரண்டும் கலந்து மெழுகுபோல ஒட்டிக்கொள்ளும் என்பதால், இந்த முதல் வேலையைத் தவிர்க்கவே கூடாது. அதன்பின் பத்துப் பத்துச் சீட்டுகளாகச் செய்தித்தாளின்மேல் பரப்பி, பஞ்சில் ஒரு சிட்டிகைப் பொடியைத் தொட்டு, வட்டமாகத் தேய்த்தேன். 52 சீட்டுகளின் இருபுறத்துக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டிகூடச் செலவாகவில்லை. பிறகு இன்னொரு சுத்தமான துணியால், கண்ணுக்கு வெள்ளை எதுவும் தெரியாத அளவுக்கு ஒவ்வொன்றையும் மெருகேற்றுவதுபோலத் துடைத்தெடுத்தேன். கடைசியாகக் கட்டைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்புகளைப் பலமுறை விரலால் சரசரவென்று விட்டு, இடுக்கில் தங்கிய பொடியைத் தட்டி உதறினேன். ஒரு கட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பூசுவது பத்து நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் துடைப்பதற்கே போயிற்று. நன்றாகப் பூசப்பட்ட கட்டு, பூசப்பட்டது என்றே தெரியாது. தெரிந்தால் இன்னும் துடைக்க வேண்டும் என்று பொருள்.

இவ்வாறு மூன்று கட்டுகளில் செய்து பார்த்தேன். ஆறு மாதம் புழங்கிய சிவப்பு பைசைக்கிள் கட்டில் கிடைத்த மாற்றம் என்னை உண்மையிலேயே வியக்க வைத்தது. முன்பு இருபது முறை விரித்தால் பாதிக்கு மேல் எங்காவது ஓட்டை விழும். பூசியபின் இரண்டு மூன்று முறைதான் விழுந்தது. அதுவும் என் கட்டைவிரல் செய்த தவறு என்று எனக்கே தெரிந்தது. நெகிழ்ந்து பதமாகிப்போன பழைய சீட்டின் வளைவும், புதுச் சீட்டின் ஓட்டமும் ஒரே கட்டில் சேர்ந்து கிடைப்பது விசிறி பழகுவோருக்கு அரிய வாய்ப்பு. புத்தம்புதிய கட்டில் முதல் வாரம் எந்த வேறுபாட்டையும் என்னால் உணர முடியவில்லை. நல்ல பூச்சோடு வரும் இன்றைய சீட்டுக்கு, பிரித்த அன்றே பொடி பூசுவது கல்யாணச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து ஊறுகாய் எடுத்துப் போவதைப் போன்றது.

மூன்றாவது, பக்கத்துக் கடையில் வாங்கிய, ரம்மி ஆடுவோர் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பூச்சுச் சீட்டு. இதில் நுண்குழிகள் கிடையாது. கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்புதான் இதன் குறையும்கூட. இரண்டு சமதளங்கள் நடுவில் காற்றில்லாமல் ஒட்டிக்கொள்ளும்போது, ஈரக்காற்று நாள்களில் இரண்டு சீட்டுகளைப் பிரிக்க நகத்தைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. பொடி பூசிய அன்று இந்தக் கட்டு கண்ட முன்னேற்றமே மூன்றிலும் பெரியது. ஆனால் பொடி தங்குவதற்குக் குழி இல்லாததால், மூன்றே நாளில் எல்லாம் விரலுக்கும் சட்டைக்கும் போய்ச் சேர்ந்து, கட்டு பழைய நிலைக்குத் திரும்பியது. மலிவான சீட்டை வாங்கிப் பொடியால் உயர்த்திவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் அந்தப் பணத்தை நல்ல சீட்டுக்கே செலவிடலாம்.

விசிறிகளிலும் எல்லா வகைக்கும் பொடி ஒரேயளவு உதவவில்லை. கட்டைவிரலால் இழுத்து விரிப்பதிலும், ஒரே கையால் விரிப்பதிலும் உதவி மிகுதி. அங்கே சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்துகொண்டே போகின்றன அல்லவா? கட்டை வில்லாக வளைத்து, சீட்டுகளை வரிசையாக விடுவித்தபடி கையைச் சுழற்றும் பிரஷர் ஃபேனில் சீட்டின் வில்தன்மைதான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. பொடியின் பங்கு அங்கே குறைவு. மேசை விரிப்பில் நாடாவாகச் சீட்டுகளைப் பரப்புவது முன்பைவிட அழகாக வந்தது. கைக்குப் பின்னால் மறைத்த சீட்டுகளை ஒவ்வொன்றாக விரல்நுனிக்குக் கொண்டுவரும் மேனிபுலேஷனில் இலாபமும் நட்டமும் சரிபாதி. ஒற்றைச் சீட்டைப் பிரித்தெடுப்பது எளிதாகிறது, ஆனால் விரலிடுக்கில் இருக்கும் மீதிச் சீட்டுகளும் அதே எளிதில் நழுவப் பார்க்கின்றன. மெல்லிய சீட்டையும் குறைந்த பொடியையும் வைத்துப் பழகினால் கை நாளடைவில் கற்றுக்கொள்கிறது. வேல்ஸ் நாட்டில் 1895இல் பிறந்த மேஜிக் கலைஞர் கார்டினி, வெள்ளைக் கையுறை அணிந்தபடியே காற்றிலிருந்து சீட்டு விசிறிகளை வரவழைத்தவர். கையுறைக்குள் இருக்கும் விரலால் ஒற்றைச் சீட்டைப் பிரிக்க முயன்று பார்த்த எவரும் அவரை நினைத்து ஒரு கும்பிடு போடுவார்கள்.

இனி, பொடி எங்கே கெடுக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மேசையைச் சுற்றி நான்கு பேரை உட்காரவைத்துச் செய்யும் குளோசப் வித்தைகளில் என் அனுபவம் கசப்பானது. டபுள் லிஃப்ட் என்னும் சீட்டு உத்தியைப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். உள்விவரத்தைப் பொதுவில் விரித்துரைக்க விரும்பவில்லை. சேர்ந்து நிற்க வேண்டியவை சேர்ந்தே நிற்பதற்கு, சீட்டுகளுக்கு நடுவில் ஓரளவு பிடிப்பு வேண்டும். பொடி அந்தப் பிடிப்பைத்தான் எடுத்துவிடுகிறது. ஒரு பிறந்தநாள் விழாவில், உறவினர் பையன் ஒருவன், "மாமா, உங்க கையில ரெண்டு சீட்டு இருக்கு" என்று உரக்கச் சொன்ன அன்றிலிருந்து, குளோசப்புக்குத் தனிக்கட்டு, விசிறிக்குத் தனிக்கட்டு என்று பிரித்து வைத்துக்கொண்டேன். உறையின்மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் போதும், குழப்பம் வராது. ஃபாரோ கலைப்பில் சீட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிக்கொள்வது எளிதாயிற்று. ஆனால் பின்னியபின் கட்டைச் சமன்செய்யும்போது அது ஒருபக்கம் சரிகிறது. ஃபாரோவுக்குச் சுத்தமான, சேதமில்லாத விளிம்பு இருந்தால் போதும், பொடி தேவையில்லை என்பது என் கருத்து.

தனி எச்சரிக்கை ஒன்று. மேஜிக் கடைகளில் விற்கும் சில விசேஷக் கட்டுகளில், சீட்டின் ஒரு பக்கம் வேண்டுமென்றே சற்றுச் சொரசொரப்பாக்கப்பட்டிருக்கும். அந்தச் சொரசொரப்பே அந்த வித்தையின் உயிர். அதற்கென்று தனித் தெளிப்பான்கள்கூட விற்கப்படுகின்றன. ஒருவகையில் அவை நம் பொடிக்கு நேர் எதிரி. இப்படிப்பட்ட கட்டை அறியாமல் பொடியில் புரட்டிவிட்டால், கட்டு அன்றோடு வீணாகும். பொடி பூசிய கட்டையும் இந்தக் கட்டையும் ஒரே பெட்டிக்குள் திறந்தபடி போட்டு வைப்பதும் நல்லதன்று.

வீட்டில் இருக்கும் வேறு பொடிகளைப் பூசக்கூடாதா என்ற கேள்வி யாருக்கும் எழும். எனக்கும் எழுந்தது, மூன்றை முயன்றேன். முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரில் முதல் அரை மணி நேரம் சீட்டு நன்றாகவே ஓடியது. பிறகு கையின் வியர்வையோடு சேர்ந்து திட்டுத்திட்டாகத் திரண்டது. கட்டு முழுவதும் மல்லிகை வாசம் வேறு. மர்மமான ஒரு வித்தையைச் செய்துகொண்டிருக்கும்போது, பார்ப்பவருக்கு எதிர்வீட்டுக் குழந்தையின் நினைவு வருவதில் யாருக்கு என்ன பயன்? மக்காச்சோள மாவு அதைவிட மோசம்; ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரண்டாம் நாளே பசையாகத் தொடங்கியது. மூன்றாவதாக, கேரம் பலகைக்குப் போடும் போரிக் பவுடர். தமிழ்நாட்டில் கேரம் ஆடிய எவருக்கும், வழுக்க வேண்டும் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். மரப்பலகையில் காய்களை ஓடவிடும் வேலையை அது அருமையாகச் செய்கிறது. நான் வாங்கிய பாக்கெட்டின் பருக்கைகளோ சீட்டின் நுண்குழிகளுக்குப் பெரியவையாக இருந்தன; விரலில் மணல்போல நெருடின, கட்டும் தடித்ததுபோலத் தெரிந்தது. துத்தநாக ஸ்டியரேட்டின் நுண்மையும் தண்ணீரை விலக்கும் தன்மையும் இந்த மூன்றில் எதற்கும் இல்லை. இந்த ஒப்பீட்டைச் செய்து பார்த்த பிறகுதான், குப்பிக்குக் கொடுத்த விலை எனக்கு உறுத்தாமல் போயிற்று.

உடல்நலத்தைப் பற்றி விற்பவர்கள் போதிய அளவு சொல்வதில்லை. இந்தப் பொடி தோலில் படுவதால் பெரிய தீங்கு இல்லை. அழகுசாதனப் பொருள்களில்கூடச் சேர்க்கப்படுகிறது. மூச்சில் போவதுதான் ஆபத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் பூசும் பவுடராக இது விற்கப்பட்டபோது, டப்பாவை வைத்து விளையாடிய குழந்தைகளின் மூக்கிலும் வாயிலும் பொடி கொட்டி, நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதும் சில குழந்தைகள் இறந்ததும் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. தண்ணீரில் கரையாத பொடி என்பதால், நுரையீரலுக்குள் போனதை உடம்பு எளிதில் வெளியேற்ற முடிவதில்லை. ஆகவே முகக்கவசம் அணிந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, குழந்தைகள் இல்லாத அறையில் இதைச் செய்ய வேண்டும். மிஞ்சிய பொடியை வாயால் ஊதக்கூடாது. முடிந்ததும் செய்தித்தாளை உள்பக்கமாக மடித்து எறிய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் பொடியைத் தொடாமலிருப்பதே நல்லது. பையில் போட்டுக் குலுக்கும் முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்காததற்கு, பாழான கட்டைவிட இதுவே முதன்மையான காரணம். மேலும், எரியக்கூடிய எந்த நுண்பொடியையும்போல இதுவும் காற்றில் மேகமாகப் பறக்கும்போது நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றக்கூடியது. மெழுகுவத்தியும் தீக்கொழுந்தும் காட்டும் வித்தைகளைச் செய்பவர்கள், அந்த மேசைக்குப் பக்கத்தில் இந்தக் குப்பியைத் திறக்க வேண்டாம்.

ஒருமுறை பூசியது எத்தனை நாள் நிற்கும் என்றால், நாள்தோறும் அரை மணி நேரம் பழகும் எனக்கு பைசைக்கிள் கட்டில் ஏறக்குறைய மூன்று வாரம் நின்றது. ஏப்ரல், மே மாதங்களில் அது இரண்டு வாரமாகக் குறைந்தது. மறுபடி பூசும்போது பழைய பூச்சைத் துடைத்தெடுக்காமல் மேலேயே பூசினால், நான்காவது முறைக்குள் சீட்டின் முகம் மங்கி, வண்ணங்கள் பால் ஊற்றியதுபோல ஆகிவிடுகின்றன. பழகுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டால், பூச்சின் ஆயுள் கண்கூடாக நீள்கிறது. பொடி வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள், ஒரு மாதம் கைகழுவிப் பழகிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். அதற்குச் செலவும் இல்லை.

விலை 50 கிராமுக்கு 450 ரூபாய் கொடுத்தேன். இதே பொருள் ரசாயனக் கடைகளில் கிலோ கணக்கில், கிராமுக்குக் கணக்கிட்டால் மிக மலிவாகக் கிடைக்கிறது என்பதை விசாரித்து அறிந்துகொண்டேன். ஆனால் தனியொருவருக்கு ஒரு கிலோ எதற்கு? நாலைந்து பேர் சேர்ந்து பழகும் குழுவாக இருந்தால் அப்படி வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். அப்போதும் பொட்டலத்தில் பொருளின் பெயர் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து, வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில், மாவு டப்பாக்களிலிருந்து வெகுதூரத்தில், பெயர்ச்சீட்டு ஒட்டி வைக்க வேண்டும். என் குப்பியின் மூடி வடிவமைப்பில் ஒரு குறையுண்டு. முகப்பவுடர் டப்பாவைப்போல மேலே துளைகள் இட்டிருப்பதால், கவிழ்த்தவுடன் தேவைக்குப் பத்து மடங்கு கொட்டுகிறது. துளைகளின்மேல் ஒட்டுத்தாளை ஒட்டி அடைத்துவிட்டு, மூடியைக் கழற்றிப் பஞ்சால் தொட்டெடுக்கிறேன்.

மேடையில் விசிறி விரிப்பவர்களும் மேனிபுலேஷன் பழகுபவர்களும் தயங்காமல் வாங்கலாம். குளோசப் மட்டும் செய்பவர்களுக்கும், மாதம் ஒரு புதுக்கட்டுப் பிரிக்கும் வசதி உள்ளவர்களுக்கும் இது தேவையில்லை. நான்கு மாதத்தில் மூன்று கட்டுகளுக்குப் பலமுறை பூசி, முதல் நாளில் இரண்டு தேக்கரண்டியை வீணாக்கிய பிறகும், குப்பியில் முக்கால் பாகத்துக்கு மேல் மிச்சமிருக்கிறது.